வெட்டிக்கு இட்ட மறுபெயர்

சித்திரை பிறந்து ஆறுகளில் மணல் மட்டும் தெரிகிற நாட்களில் காவிரிப் படுகையில் இரண்டு கேள்விகள் கிளம்பும். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறப்பார்களா என்பது ஒன்று. திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர வேண்டுமே, வாய்க்காலைத் தூர் வாருவது யார் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வி எழுந்த உடனே மேடையிலும் வார இதழிலும் தொலைக்காட்சியிலும் ஒரு கதை தயாராக வந்து நிற்கும். அந்தக் காலத்தில் ஊர் கூடித் தூர் வாரியது. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்தார். யாரும் அரசாங்கத்தின் கையை எதிர்பார்க்கவில்லை. கரிகாலன் காலம் தொட்டு வந்த அந்த ஏற்பாட்டுக்குக் குடிமராமத்து என்று பெயர். வெள்ளைக்காரன் வந்து பொதுப்பணித் துறையை வைத்தான், தமிழனின் நீர் மேலாண்மை அழிந்தது.

கட்சி வேறுபாடின்றிச் சொல்லப்படும் கதை இது. சூழலியல் எழுதுகிறவர்களும் சொல்கிறார்கள், அமைச்சர்களும் சொல்கிறார்கள். இதில் மறுக்க முடியாத உண்மை ஒன்றுதான்: வாய்க்காலில் வண்டல் சேரும், அதை வாரியாக வேண்டும். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கப்பட வேண்டியவை.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். பழமைக்குச் சாட்சியாக இவர்கள் கூண்டில் ஏற்றுவது சொல்லைத்தான். குடி தமிழ், மராமத்து அரபி. பழுது பார்ப்பது என்ற பொருளில் பாரசீகம், உருது, மராத்தி வழியாகத் தமிழ்நாட்டுக் கச்சேரிகளுக்குள் வந்த சொல். அதனோடு ஒரே வண்டியில் வந்தவைதாம் தாசில், வசூல், பாக்கி, ரசீது, ஜமாபந்தி, இனாம் எல்லாம். ஏகோஜி தஞ்சாவூரைப் பிடித்தது 1676-இல். சரபோஜியிடமிருந்து கம்பெனி நிர்வாகத்தை வாங்கிக்கொண்டது 1799-இல். இந்த இடைவெளியில் மராட்டியர் கச்சேரியும் ஆர்க்காட்டு நவாபின் வசூல்காரர்களும் தஞ்சை வருவாய்க் கணக்கில் விட்டுச் சென்ற சொற்களுக்குக் கணக்கில்லை. படுகையின் பெருமைமிகு சொல்லான மிராசுதார்கூட அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்; வாரிசுரிமை என்னும் பொருளுள்ள அரபிச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு முன்பு அதே உரிமைக்குத் தமிழில் காணியாட்சி என்று பெயர். கரிகாலன் குடிமராமத்து நடத்தினான் என்று சொல்வது, இராஜராஜன் ஜமாபந்தி நடத்தினான் என்று சொல்வதற்குச் சமம்.

இதற்கு ஒரு நியாயமான மறுமொழி உண்டு. சொல் புதிதாக இருந்துவிட்டுப் போகட்டும், வழக்கம் பழையதாக இருக்கலாமே? இருக்கலாம் என்ன, இருந்தது. அதைத்தான் நான் சொல்ல வருகிறேன். அந்த வழக்கத்துக்குத் தமிழில் சொந்தப் பெயரும் இருந்தது. அந்தப் பெயரைக் கேட்டால் மேடைக்காரர்கள் அதை அரசின் தூர்வாரும் திட்டத்துக்குச் சூட்டியிருக்க மாட்டார்கள். அதன் பெயர் வெட்டி.

சோழர் கல்வெட்டுகளில் நிலத்தின் மீதும் குடிகளின் மீதும் விழும் சுமைகளைப் பட்டியலிடும் இடங்கள் ஏராளம். கடமை, அந்தராயம், எச்சோறு என்று நீளும் அந்த வரிசையில் வெட்டி, அமஞ்சி, முட்டையாள் என்ற சொற்களும் வருகின்றன. நொபொரு கராஷிமாவும் பி. சீதாராமனும் 1972-இல் சோழர் கல்வெட்டுகளின் வரிச்சொற்களைத் தொகுத்தார்கள். நானூற்றுக்கும் மேற்பட்டவை கிடைத்தன. அவற்றில் அடிக்கடி தலைகாட்டுகிறவற்றுள் வெட்டியும் ஒன்று. வடமொழி விஷ்டியின் தமிழ் வடிவம் அது. கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய வேலை என்று பொருள். மண்ணை வெட்டுவதால் வெட்டி என்று சிலர் பொருள் சொல்வதுண்டு. பொருத்தமாகத் தோன்றினாலும் வேர் வேறு. பாசனத்தோடு நேரடியாகச் சேர்ந்து செந்நீர் வெட்டி, செந்நீர் அமஞ்சி என்றும் வருகிறது. காவிரிக்கரைப் பராமரிப்புக்கென்று காவேரிக்கரை வினியோகம் என்ற பெயரில் தனிச்சுமையே இருந்தது.

இவை எல்லாம் எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். வரிப் பட்டியலில். கோயிலுக்கும் பிரமதேயத்துக்கும் நிலம் கொடுக்கும்போது அரசன் இந்தச் சுமைகளிலிருந்து விலக்கு அளிக்கிறான், அந்த விலக்கைக் கல்லில் வெட்டி வைக்கிறார்கள். ஊர் கூடி மகிழ்ந்து செய்த திருவிழா என்றால் அதிலிருந்து விலக்கு வாங்குவது எப்படிச் சலுகை ஆகும்? பொங்கல் வைப்பதிலிருந்து விலக்கு வேண்டுமென்று யாரும் அரசனிடம் போய் நின்றதில்லை. விலக்கு எவர்களுக்குக் கிடைத்ததோ அவர்கள் செல்வாக்குள்ளவர்கள். எவர்களுக்குக் கிடைக்கவில்லையோ அவர்கள் சேற்றில் இறங்கினார்கள்.

இன்றைய தமிழில் அந்தச் சொல் என்ன ஆயிற்று என்பதும் வரலாறுதான். வெட்டிப்பேச்சு, வெட்டிவேலை, வெட்டியாய்ச் சுற்றுகிறான். கூலியில்லாத உழைப்பு பயனில்லாத உழைப்பாகி, கடைசியில் உழைக்காமல் திரிவதைக் குறிக்கிறது. (வெட்டிவேர் இந்தக் குடும்பத்தில் சேராது, பயப்பட வேண்டாம்.) ஊர்ச் சுடுகாட்டையும் வாய்க்கால் தண்ணீரையும் பார்த்துக்கொண்ட தலித் ஊழியருக்கு வெட்டியான் என்று பெயர். சென்னை மாகாண வருவாய்த் துறைக் கணக்கில் தலையாரி, வெட்டி, நீர்கட்டி என்று கிராமக் கடைநிலை ஊழியர்களைக் குறிப்பிட்டார்கள். அந்தப் பழைய கிராம ஊழிய முறை 1980 வரை நீடித்தது. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், நாடெங்கும் வழங்கும் கட்டாய உழைப்பு வகைகளின் பெயர்களை அடுக்குகிறது. படியாள் அதில் இருக்கிறது, பண்ணையாள் இருக்கிறது. அந்த அகரவரிசையின் கடைசிச் சொல் வெட்டி. இராஜராஜன் காலத்து வரிச்சொல் ஒன்று இந்திரா காந்தி காலத்துச் சட்டத்தில் குற்றத்தின் பெயராக வந்து நிற்கிறது.

ஆகவே குடிமராமத்து என்பது பழைய வழக்கத்துக்குப் பிற்காலக் கச்சேரி இட்ட மறுபெயர். பெயரில் வெட்டி போய்க் குடி வந்தது. குடி என்றதும் மனம் குளிர்கிறது நமக்கு.

அந்தக் குடி யார்? கதை சொல்கிறவர்கள் இங்கே உத்திரமேரூருக்கு ஓடுவார்கள். பராந்தகன் காலத்து 919, 921 கல்வெட்டுகள், குடவோலை முறை, ஏரி வாரியம். உலகுக்கே மக்களாட்சி கற்றுக்கொடுத்தோம் என்பார்கள். குடத்தில் ஓலை போடப்படத் தகுதி என்னவென்று அதே கல்வெட்டு சொல்கிறது. கால் வேலிக்கு மேல் இறைநிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதம் கற்றிருக்க வேண்டும். ஏரியில் மண் சுமந்தவரின் பெயர் அந்தக் குடத்துக்குள் போக வழியில்லை. தஞ்சைப் பெரிய கோயிலிலேயே இராஜராஜன் கொடுத்த ஊர்களின் இறை செலுத்தாத நிலங்களை வகைப்படுத்தும் கல்வெட்டு இருக்கிறது. ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி என்று பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். ஊர் வேறு, சேரி வேறு. ஊர் கூடியது என்றால் இந்த இரண்டில் எது கூடியது?

பிற்காலத் தஞ்சையில் இதற்கு விடை மிகத் தெளிவு. நிலம் மிராசுதாரர் கையில். அவர்களுக்குள் பங்கு, கரை என்று பிரிவினை. வாய்க்கால் வேலைக்கும் பங்குக்கு இத்தனை ஆள் என்று கணக்கு. வீட்டுக்கு ஓர் ஆள் என்று இன்று உருகுகிறார்களே, அந்த ஆள் வீட்டுக்காரர் அல்லர். அவருடைய பண்ணையாள். ஆள் என்ற சொல்லுக்குப் படுகையில் வேறு எந்தப் பொருளும் முதலில் தோன்றாது. சில வேலி வைத்திருந்தவர் கரைமேல் குடை பிடித்து நின்றார். ஒரு குழி நிலமும் இல்லாதவர் இடுப்பளவு சேற்றில் நின்றார். தண்ணீர் யார் வயலுக்குப் போயிற்று என்று சொல்லத் தேவையில்லை. சிறு குடியானவர்கள் தங்கள் பங்குக்குத் தாங்களே இறங்கியதும் உண்டு, மறுக்கவில்லை. அவர்களின் உழைப்பைக் காட்டி மற்றவர்களின் அடிமைத்தனத்தை மறைப்பதைத்தான் மறுக்கிறேன்.

இனி வெள்ளைக்காரன் அழித்தான் என்ற பகுதி. கம்பெனி ஆட்சியைக் காப்பாற்றுவது என் வேலையில்லை. வரியைக் கறந்த வேகத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூடப் பராமரிப்பில் காட்டவில்லை என்று அவர்களின் பொறியாளர் ஆர்தர் காட்டனே ஓயாமல் சண்டை போட்டவர். ஆனால் குடிமராமத்தை அவர்கள் அழிக்கப் பார்த்தார்கள் என்பது தலைகீழ். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளவே துடித்தார்கள். காசில்லாமல் வேலை நடந்தால் எந்தக் கலெக்டருக்குக் கசக்கும்?

1858-இல் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு சட்டம் வந்தது, அந்த ஆண்டின் முதலாம் சட்டம். கட்டாய உழைப்புச் சட்டம் என்றே பெயர். வெள்ளத்தில் கரை உடையும் ஆபத்து வந்தால் ஆட்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்கலாம் என்பது அதன் ஒரு பாதி. ஊர் வழக்கப்படி பாசன வேலைக்கு உழைப்புத் தர வேண்டியவர் தராமல் போனால், அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரு மடங்கு பணம் கட்ட வேண்டும் என்பது இன்னொரு பாதி. தானாகப் பொங்கி வந்த கூட்டுணர்வு என்றால் அதற்கு இரு மடங்கு தண்டம் எதற்கு? கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் இதே கூத்துதான். மன்னருக்குச் செய்யும் ஊழியமான ராஜகாரியத்தை 1830-களின் தொடக்கத்தில் ஒழித்தார்கள். குளங்கள் தூர்ந்தன, வரி குறைந்தது. 1856-இல் ஆளுநர் ஹென்றி வார்டு காலத்தில் நெல்வயல் பாசனத்துக்கென்று கட்டளைச் சட்டம் போட்டு, பழைய ஊர் வழக்கங்களை மீண்டும் நிலைநிறுத்தப் பார்த்தார்கள். பாக் நீரிணையின் இரு கரைகளிலும் இரண்டே ஆண்டு இடைவெளியில் இரண்டு சட்டங்கள். வழக்கம் என்ற சொல்லுக்கு அதிகாரிகள் இத்தனை மரியாதை காட்டியது வேறு எதற்காகவும் இல்லை.

சிவகங்கை, இராமநாதபுரம் சீமைக் கண்மாய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மானுடவியலாளர் டேவிட் மாஸ் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். ஊர்ச் சமூகம் தன் பொறுப்பில் செய்துவந்த தொன்மையான கடமை என்று குடிமராமத்தை வகுத்து எழுதி வைத்ததே காலனி நிர்வாகத்தின் தேவைதான் என்பது அவர் வாதம். செலவை ஊர் தலையில் கட்ட வேண்டுமென்றால், அது எப்போதும் ஊரின் கடமையாகத்தான் இருந்தது என்று முதலில் நிறுவ வேண்டும். அந்த அதிகாரிகளின் கோப்பைத்தான் நம் ஆட்கள் தமிழர் பெருமை என்று உரக்கப் படிக்கிறார்கள். எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு துரையின் குரலிலேயே பேசுவது!

அப்படியானால் குடிமராமத்து ஏன் தேய்ந்தது? பிடி தளர்ந்ததால். 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றாக்கியது. தாளில் நடந்த விடுதலைதான். ஆனால் நாகப்பட்டினம் துறைமுகம் தாள் இல்லை. பினாங்குக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறிய ஆயிரக்கணக்கானவர்களில் தஞ்சைச் சேரிகளின் பங்கு பெரிது. அங்கே போய் அவர்கள் பட்ட பாடு தனிக்கதை. இங்கே வாய்க்காலில் இறங்க ஆள் குறைந்தது என்பதுதான் நம் விஷயம். 1943-இல் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்து விவசாயச் சங்கம் கட்டத் தொடங்கினார். பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்துவந்த சாணிப்பாலும் சவுக்கடியும் நிற்க வேண்டுமென்பது அந்த இயக்கத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று. சாணிப்பாலும் சவுக்கடியும் இல்லாத பண்ணையில் கூலியில்லாத வாய்க்கால் வேலை எத்தனை நாள் நடக்கும்? 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். கூலி உயர்வு கேட்டதில் தொடங்கிய பகை அது. இந்த வரலாற்றையெல்லாம் தாண்டிக் குதித்துவிட்டு, பொதுப்பணித் துறை வந்ததால் ஊரின் கூட்டுணர்வு செத்தது என்று எழுதுவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கதையைக் கண்மாய்ச் சீமைக்குச் சொன்னாலாவது கொஞ்சம் பொருந்தும். ஒரு ஊருக்கு ஒரு கண்மாய், ஒரு கரை, சில மடை. படுகை அப்படியில்லை. காவிரியும் வெண்ணாறும் பிரிந்து, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணி என்று கிளைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் அரசுக் கணக்கில் ஏ, பி, சி, டி என்று வாய்க்கால்கள் பிரிகின்றன. மேலூரில் ஒருவர் மதகில் பலகையைப் போட்டால் கீழூரில் நாற்றங்கால் காய்கிறது. தலைமடைக்காரருக்குத் தூர் வாருவதில் அக்கறை குறைவு. அவருக்கு எப்படியும் தண்ணீர் பாயும். கடைமடைக்காரருக்கு அக்கறை அதிகம், ஆனால் தூர் அடைத்திருப்பது அவர் ஊரில் இல்லை. எந்த ஒரு ஊரின் ஒற்றுமையும் இதைத் தீர்க்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் படுகையே சாகக் கிடந்ததன் காரணத்தைப் பார்த்தால் இது விளங்கும். முக்கொம்பில் தாழ்வான கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொண்டது, காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டது. 1804-இல் கேப்டன் கால்டுவெல் கல்லணையின் உயரத்தைக் கூட்டச் சொன்னார். உயர்த்தியதும் மணல் இன்னும் சேர்ந்தது. 1830-இல் காட்டன் கல்லணையில் மணற்போக்கிகள் வைத்தார். 1836-இல் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் எழத் தொடங்கிய பிறகுதான் தஞ்சைக்குப் போதிய தண்ணீர் உறுதியாயிற்று. திருத்துறைப்பூண்டி வாய்க்காலை எத்தனை ஆயிரம் பேர் கூடி வாரியிருந்தாலும் முக்கொம்பு மணல் அசைந்திருக்காது. ஆறு முழுவதையும் பார்க்கும் ஒரு அதிகாரம் இல்லாமல் படுகைக்குப் பாசனம் இல்லை. சோழன் காலத்திலும் அப்படித்தான், அதனால்தான் காவேரிக்கரைக்கு அரசன் வரி போட்டான்.

இத்தனைக்கும் பிறகு, 2017 மார்ச் 13 அன்று காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். பின்னர் தொகை பல மடங்கு கூடியது. பணியைப் பாசனதாரர் சங்கங்களிடம் ஒப்படைப்பது, செலவில் பத்தில் ஒரு பங்கை அவர்கள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தருவது என்பது ஏற்பாடு. செய்தித்தாள்களில் பழந்தமிழர் மரபு மீண்டது என்று தலைப்பு. களத்தில் பொக்லைனும் ஜேசிபியும்தான் கூடின. இயந்திரம் வைத்து வாரியதில் எனக்குக் குறையில்லை, நல்லதுதான். சங்கத்தில் யாருக்கு இடம் என்பதுதான் கேள்வி. ஆயக்கட்டில் நிலம் உள்ளவருக்கு. பட்டா இல்லாதவர், அதே வாய்க்கால் கரையில் குடியிருந்தாலும், அதே வாய்க்காலில் மாட்டைக் குளிப்பாட்டி மீன் பிடித்தாலும், ஆயக்கட்டுதாரர் அல்லர். கால் வேலி இறைநிலம் என்ற பழைய தகுதி பட்டா நகலாகத் திரும்பி வந்திருக்கிறது. மரபு மீண்டது என்பது இந்த ஒரு விஷயத்தில் உண்மை.

ஊர் மக்களுக்குப் பாசனத்தில் பொறுப்பு வேண்டாம் என்கிறாயா என்று கேட்பார்கள். வேண்டும். எந்த மதகு எங்கே கசிகிறது, எந்த வளைவில் வண்டல் தங்குகிறது என்பது கோட்டப் பொறியாளரைவிட ஊரில் உள்ளவருக்கு நன்றாகத் தெரியும். அந்த அறிவுக்கு மதிப்புக் கொடுக்க, இருந்திராத ஒரு பொற்காலம் தேவையில்லை. கூடவே, அந்த அறிவு யாரிடம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பரம்பரையாகத் தண்ணீர் திறந்து கட்டியவர் வெட்டியானும் நீர்கட்டியும். எந்தத் திட்டக் குழுவில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்?

படுகையில் கூலி கொடுத்து, பெயர் எழுதி, கணக்கு வைத்து, நிலமற்றவருக்கும் உரிமையாக வாய்க்கால் வேலை கிடைத்த ஒரு காலம் உண்டென்றால் அது 2005-இன் வேலை உறுதிச் சட்டத்துக்குப் பிறகுதான். முதல் கட்டமாக 2006-இல் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த ஆறு மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று, கீழ்வெண்மணி இருக்கும் மாவட்டம். அதில் நடந்த வேலையின் தரம் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், சொல்ல வேண்டியதும் உண்டு. ஆனால் படுகை மேடைகளில் அந்தத் திட்டத்தைப் பற்றி வரும் பெரிய குறை தரம் பற்றியதில்லை. நூறு நாள் வேலையால் ஆள் கிடைப்பதில்லை, சனம் சோம்பேறி ஆகிவிட்டது, கூப்பிட்டால் வருவதில்லை என்பதுதான். குடிமராமத்தின் பெருமையைப் பேசி முடித்த அதே வாய், அதே ஒலிவாங்கியில், அடுத்த பத்து நிமிடத்துக்குள் இதையும் பேசுகிறது.